கொழும்பு வீட்டு மண் எவ்வளவு மூச்சு விடுகிறது? அளந்து பார்க்கும் வழி

மண்ணுக்குள் இருக்கிற நுண்ணங்கிகளைக் கண்ணால் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும், யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போட டீஎன்ஏ படிக்கிற இயந்திரம் வேண்டும். ஆனால் அவை எல்லாம் சேர்ந்து என்ன வேகத்தில் வேலை செய்கின்றன என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், அச்சாறுப் போத்தல், வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு, சமையலறை மஞ்சள், வினாகிரி, இவற்றோடு கொஞ்சம் பொறுமை இருந்தால் சரி. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பல்கனிப் பூச்சட்டி வைத்திருப்பவரும் செய்யலாம், கொட்டாஞ்சேனையில் வீட்டுப் பின்பக்கம் ஒரு முழ நிலம் மிச்சம் வைத்திருப்பவரும் செய்யலாம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடமே பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அடிப்படை இதுதான். மண்ணில் வாழும் பற்றீரியாவும் பங்கசும் இலை, வேர், செத்த பூச்சி என்று கிடைத்ததை எல்லாம் தின்று, நம்மைப் போலவே காபனீரொட்சைட்டை வெளியே விடுகின்றன. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பற்றீரியா வரைக்கும் இருக்கலாம் என்பதால் அந்த மூச்சு சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுக்க மண்ணின் மேல் ஒரு மீற்றரில் மட்டும் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் இருக்கிறது, வளிமண்டலத்தில் இருப்பதையும் மரம் செடிகளில் இருப்பதையும் கூட்டினாலும் அதைவிடக் குறைவுதான். பூமி சூடானால் இந்தக் கூட்டம் வேகமாகத் தின்னத் தொடங்குமா, தொடங்கினால் எவ்வளவு காலம் அப்படியே போகும் என்பதுதான் மண் விஞ்ஞானிகள் பல வருடங்களாகத் துரத்திக்கொண்டிருக்கிற கேள்வி.

அதற்கு அவர்கள் செய்கிற வேலையின் எலும்புக்கூடு ரொம்ப எளியது: ஒரே மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, இரண்டின் மூச்சையும் ஒப்பிடுவது. பனாமாவில் பரோ கொலராடோ தீவுக் காட்டில் அண்ட்ரூ நொட்டிங்ஹாம் என்ற ஆய்வாளரும் சகாக்களும் மரங்கள் நின்றது நின்றபடி இருக்க, மண்ணுக்குள் சூடேற்றும் அமைப்பை இறக்கி, இரண்டு வருடம் 4 பாகை கூடுதல் வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். சூடாக்கிய மண்ணிலிருந்து வந்த காபனீரொட்சைட்டு 55 சதவீதம் கூடியிருந்தது. 2020ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வந்தது. இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், அது குளிர்நாட்டு மண் இல்லை, நம்முடையதைப் போல வருடம் முழுக்க வெக்கையாகவும் பெரும்பாலான மாதங்களில் ஈரமாகவும் இருக்கிற மண். அதே 4 பாகையை நாமும் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் கொண்டுவரப் போகிறோம்.

மண் எடுப்பது

கொழும்பு மண் என்று ஒன்று கிடையாது. கடற்கரைப் பக்கம் மணல், கொஞ்சம் உள்ளே போனால் கபுக்கல் உடைந்து வந்த சிவப்பு மண், தாழ்ந்த பக்கங்களில் சதுப்பு நிலத்தை நிரப்பிய கிறவல், பல வளவுகளில் பழைய வீடு இடித்த சீமெந்துத் துண்டும் ஓட்டுத் துண்டும் கலந்த ஏதோ ஒன்று. பூச்சட்டி என்றால் அநேகமாகத் தும்புத் தூளும் கொம்போஸ்டும்தான், அதில் மண்ணே குறைவு. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், ஏனென்றால் உங்கள் எண்ணையும் தெகிவளையில் இருக்கும் மாமியின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து யாருடைய மண் நல்லது என்று முடிவெடுக்க முடியாது. ஒப்பீடு ஒரே மண்ணுக்குள்தான்.

எடுக்கும் முன் ஒரு தேக்கரண்டி மண்ணில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சிப்பித் துண்டோ பழைய சுண்ணாம்புச் சாந்தோ இருக்கிறது, அதிலிருந்தும் காபனீரொட்சைட்டு வரும் என்பதால் கணக்கு குழம்பும். வேறு இடம் பாருங்கள்.

கையுறை போடுங்கள், செருப்பு போடுங்கள். இதைச் சும்மா சடங்குக்குச் சொல்லவில்லை. எலி ஓடுகிற, மழைத் தண்ணீர் தேங்கி நின்ற மண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான நோயைத் தருகிற பற்றீரியாவும் இலங்கை மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒன்றுதான். சீனி வருத்தம் இருப்பவர்களுக்கு அது அதிகம் ஆபத்து. கையில் காலில் காயம் இருந்தால் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள், மண்ணை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணக்க வேண்டாம், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, 10 சென்றிமீற்றர் ஆழத்துக்குள், ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரு வாளியில் கலந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் அள்ளினால் அங்கே ஒரு செத்த மண்புழு இருந்தாலே போதும், முழுப் பரிசோதனையும் அந்தப் புழுவைப் பற்றியதாகிவிடும். கல், வேர், உயிருள்ள புழு பூச்சிகளை எடுத்துவிட்டு, பழைய அரிதட்டில் அரியுங்கள் (மா அரிக்கிற அரிதட்டைத் தொட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், தனியாக ஒன்று வாங்குங்கள்). வெயிலில் காயவைக்காதீர்கள்.

ஈரம்தான் அடுத்த விஷயம், பலர் அலட்சியமாக விடுகிற இடமும் அதுதான். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அந்த அளவுக்குக் கொண்டுவந்து, காற்றுப் போகிற மாதிரி ஈரத்துணியால் மூடி ஒரு கிழமை நிழலில் விடுங்கள். தோண்டி, அரித்து, கிளறிய மண்ணில் புதிதாகச் சாப்பாடு வெளிப்படுவதால் முதல் சில நாட்கள் மூச்சு தாறுமாறாக எகிறும். அது அடங்கட்டும்.

சுண்ணாம்பு நீர்

சாதாரண தர விஞ்ஞானத்தில் எல்லோரும் செய்ததுதான்: குழாய் வழியாகச் சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் பால் போலக் கலங்கும். காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. பள்ளிக்கூடத்தில் கலங்கியதா இல்லையா என்பதோடு நிறுத்திவிடுவார்கள், நாம் எவ்வளவு சுண்ணாம்பு செலவானது என்று அளக்கப் போகிறோம்.

வெற்றிலைக் கடையில் நிறம் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, இறுக்கி மூடி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் மேலே நிற்கிற தெளிந்த நீர்தான் நமக்கு வேண்டியது, அடியில் இருப்பதைக் கலக்காமல் மெதுவாக வேறு போத்தலுக்கு ஊற்றுங்கள். அதிகம் சுண்ணாம்பு போட்டால் நீர் இன்னும் காரமாகும் என்று நினைக்க வேண்டாம், நம் ஊர் வெப்பத்தில் ஒரு லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் அளவில்தான் கரையும், மிச்சம் அடியில் கிடக்கும். கண்ணில் பட்டால் மோசமாக எரிக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஊற்றும்போது கண்ணாடி போடுவது நல்லது.

போத்தல் அகன்ற வாயுள்ளதாக, ஒரு லீற்றர் அளவில், மூடி காற்றுப் புகாமல் இறுகக் கூடியதாக இருக்க வேண்டும். மூடியில் சந்தேகம் இருந்தால் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பாருங்கள், சொட்டினால் அந்தப் போத்தல் வேண்டாம். எட்டுப் போத்தல் தேடுங்கள். மூன்று சூட்டுக்கு, மூன்று சாதாரண வெப்பத்துக்கு, மண் இல்லாத வெறும் போத்தல் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே வாளி மண்ணிலிருந்து எடுத்த இரண்டு போத்தல்களே ஒன்றுபோல மூச்சு விடாது. அந்த வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாமல், சூட்டால் வந்த வித்தியாசம் இது என்று கை நீட்டிச் சொல்ல முடியாது. வெறும் போத்தல் இன்னும் முக்கியம், ஏனென்றால் சுண்ணாம்பு நீர் போத்தலுக்குள் இருக்கிற சாதாரணக் காற்றிலிருந்தும், நீங்கள் மூடி திறந்து ஊற்றுகிற நேரத்தில் உங்கள் மூச்சிலிருந்தும் கூடக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதைக் கழிக்க வேண்டும்.

வெறும் போத்தல் இரண்டையும் தவிர ஒவ்வொரு போத்தலிலும் 100 கிராம் மண். சமையலறைத் தராசு போதும். மண்ணின் மேல் ஒரு கழுவிய யோகட் கப்பை நிமிர்த்தி வைத்து அதற்குள் 50 மில்லிலீற்றர் சுண்ணாம்பு நீர். வெறும் போத்தலுக்குள்ளும் அதே கப், அதே அளவு நீர். சட்டென்று மூடுங்கள். 24 மணி நேரம்.

சில மணி நேரத்தில் சுண்ணாம்பு நீரின் மேல் ஆறின பாலில் ஆடை படிகிற மாதிரி ஒரு வெள்ளைப் படலம் வரும். மண் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்தப் படலமே கீழே இருக்கும் நீருக்கு வாயு போவதைத் தடுக்கவும் செய்யும் என்பதால், இடைக்கிடை போத்தலைத் திறக்காமல் லேசாக ஒரு சுற்றுச் சுழற்றிவிடுங்கள், எல்லாப் போத்தலையும் ஒரே அளவுக்கு, வெறும் போத்தலையும் சேர்த்து.

சூட்டுப் பேசின்

இதற்கு நான் கண்ட மலிவான வழி மீன் தொட்டி ஹீட்டர்தான். அலங்கார மீன் விற்கிற கடைகளில் கிடைக்கும், வேண்டிய பாகைக்குத் திருப்பி வைக்கக் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், கூடவே மீன் தொட்டி வெப்பமானி இரண்டு. ஒரே அளவான இரண்டு பேசின்களில் தண்ணீர் எடுத்து, போத்தல்களைக் கழுத்துக்குக் கீழ் வரைக்கும் நிற்கவைத்து, ஒன்றில் மட்டும் ஹீட்டரைப் போடுங்கள். அறைத் தண்ணீர் 28 பாகை காட்டினால் ஹீட்டரை 32க்கு வையுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு மட்டும்தான் தண்ணீருக்குள் கை விட வேண்டும். ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து வைத்தபடி எரியவிடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

ஹீட்டர் இல்லாமல் ஒரு போத்தலை வெயிலில், ஒன்றை நிழலில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கொழும்பு வெயிலில் மூடிய கண்ணாடிப் போத்தல் மத்தியானத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, இரவில் இரண்டும் ஒன்றாகிவிடும், கடைசியில் எத்தனை பாகை வித்தியாசத்துக்கு எவ்வளவு மூச்சு என்று உங்களுக்கே தெரியாது.

இரண்டு பேசின்களையும் நுளம்பு வலைத் துண்டால் மூடி வையுங்கள், வேலை இல்லாதபோது தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விஞ்ஞானம் செய்யப் போய் டெங்கு வளர்த்தோம் என்று ஆகிவிடக் கூடாது, பரிசோதகர் வந்து கேட்டால் நுண்ணங்கி ஆராய்ச்சி என்று சொல்லித் தப்பவும் முடியாது.

மஞ்சளால் அளப்பது

மஞ்சள் சுண்ணாம்பு பட்டால் சிவப்பாகும், குங்குமம் செய்கிற வித்தை. அதில் புளிப்பு விட்டால் திரும்பவும் மஞ்சளாகும். ஆய்வுகூடத்தில் பினோத்தலீன் என்ற நிறங்காட்டி செய்கிற வேலையை நாம் இதைக் கொண்டு செய்கிறோம், துல்லியம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒப்பீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளை இரண்டு மேசைக்கரண்டி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளியவிடுங்கள், தண்ணீரில் சரியாகக் கரையாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம். நிறமில்லாத வினாகிரியை எடுத்து, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஒரே தடவையில் போதுமான அளவு கலந்து வையுங்கள், பாதியில் தீர்ந்து புதிதாகக் கலந்தால் இரண்டு கலவையும் ஒன்றாக இருக்காது. தென்னங்கள்ளு வினாகிரி சாப்பாட்டுக்கு அருமை, இதற்கு அதன் நிறம் இடைஞ்சல்.

24 மணி நேரம் முடிந்ததும் போத்தலைத் திறந்து, கப்பில் இருக்கிற நீரைக் கோப்பி வடிகட்டும் கடுதாசியால் உடனே வடியுங்கள். வடிக்காமல் விட்டால் வெள்ளைப் படிவும் வினாகிரியோடு சேர்ந்து கரையத் தொடங்கி, செலவான சுண்ணாம்பையும் மிச்சச் சுண்ணாம்பாகக் கணக்குப் பிழைக்க வைக்கும். வடித்த நீரில் 10 மில்லிலீற்றரை ஒரு வெள்ளைக் கோப்பையில் எடுத்து, மஞ்சள் கரைசல் மூன்று சொட்டு விடுங்கள். சிவக்கும். அப்புறம் பார்மசியில் வாங்கிய ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் வினாகிரிக் கலவையை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்து, சிவப்பு மறைந்து தெளிவான மஞ்சள் நிலைக்கிற இடத்தில் நிறுத்தி, எவ்வளவு போனது என்று பார்த்து எழுதுங்கள். ஒரே ஆள் எல்லாப் போத்தலையும் பார்ப்பது நல்லது, ஒருவருடைய மஞ்சள் இன்னொருவருக்குச் செம்மஞ்சள்.

வெறும் போத்தல் நீருக்கு 6 மில்லிலீற்றர் அளவில் போகும், உங்கள் வினாகிரியைப் பொறுத்துக் கூடக் குறையும். கணக்கு இப்படி. வெறும் போத்தலுக்கு 6.0, மண் போத்தலுக்கு 4.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8 குறைந்திருக்கிறது, அதாவது 30 சதவீதச் சுண்ணாம்பைக் காபனீரொட்சைட்டு தின்றுவிட்டது. 50 மில்லிலீற்றர் சுண்ணாம்பு நீர் மொத்தமாக 45 மில்லிகிராம் அளவு காபனீரொட்சைட்டைப் பிடிக்கக் கூடியது, அதில் 30 சதவீதம் என்றால் சுமார் 13 மில்லிகிராம். 100 கிராம் மண் ஒரு நாளில் விட்ட மூச்சு அது. கொம்போஸ்ட் நிறைந்த பூச்சட்டி மண் என்றால் சுண்ணாம்பு முழுக்கத் தீர்ந்து, மஞ்சள் விட்டதும் சிவக்காமலே நிற்கலாம். அப்போது மண்ணை 25 கிராமாகக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

சூட்டுப் பேசினுக்குச் சூட்டுப் பேசினில் நின்ற வெறும் போத்தலோடுதான் கழிக்க வேண்டும். சுண்ணாம்பு ஒரு விசித்திரமான பொருள், சூடு கூடினால் கரைவது குறையும், அந்தச் சின்ன வித்தியாசத்தை வெறும் போத்தல் பார்த்துக்கொள்ளும்.

எண்கள் வந்த பிறகு

10 பாகை கூடினால் மண்ணின் மூச்சு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி 4 பாகைக்கு 30 சதவீதம் சொச்சம் கூட வேண்டும். பனாமாவில் வந்த 55 சதவீதம் இந்தக் கணக்கை எவ்வளவு தாண்டுகிறது என்று இப்போது விளங்கும். உங்கள் பேசினில் 20 வரலாம், 40 வரலாம், மூன்று போத்தலும் மூன்று பக்கம் போனால் எதுவும் சொல்ல முடியாமலும் போகலாம். அப்படியானால் மண்ணை இன்னும் நன்றாகக் கலந்து திரும்பத் தொடங்குங்கள்.

ஒரு நாள் அளவோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அளவு எடுத்த பிறகு போத்தலைத் திறந்து காற்றாடவிட்டு, துணியால் மூடி அதே பேசினில் வைத்திருந்து, குறைந்த ஈரத்தைத் தராசில் நிறுத்துச் சரிசெய்து, கிழமைக்கு ஒரு நாள் புதுச் சுண்ணாம்பு நீரோடு திரும்ப அளந்துகொண்டு போங்கள். முதலில் பெரிதாக இருந்த வித்தியாசம் போகப்போகச் சுருங்க வாய்ப்பு அதிகம். இலேசாகத் தின்னக்கூடிய சாப்பாட்டைச் சூட்டுப் போத்தல்காரர்கள் முதலிலேயே முடித்துவிடுகிறார்கள், மிஞ்சுவது மரத்துகள் மாதிரிக் கடினமானது. அதோடு கதை முடிந்தது என்று ஒரு காலம் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஹாவர்ட் காட்டில் ஜெரி மெலிலோவின் குழு 1991இல் தொடங்கி மண்ணை 5 பாகை சூடாக்கிக்கொண்டே வந்தது. அங்கே மூச்சு ஏறியது, அப்புறம் அடங்கியது, சில வருடம் கழித்து நுண்ணங்கிக் கூட்டமே மாறி, கடினமானதையும் தின்னக் கூடியவர்கள் பெருகி, திரும்பவும் ஏறியது. 26 வருடத்தில் மேல் 60 சென்றிமீற்றரில் இருந்த காபனில் 17 சதவீதம் போய்விட்டது என்று 2017இல் வெளியிட்டார்கள். மூச்சு அடங்கியிருந்த காலத்தில் பணம் தீர்ந்து நிறுத்தியிருந்தால் மண் பழகிவிட்டது, கவலை இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று. மூச்சு அதிகம் என்றால் மண் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிர்ப்பான மண்ணும் அதிகம் மூச்சு விடும், சேர்த்து வைத்த காபனை இழந்துகொண்டிருக்கிற மண்ணும் அதிகம் மூச்சு விடும்.

மழையும் வெள்ளமும்

வெப்பம் பாகை பாகையாகத்தான் ஏறும், ஆனால் கொழும்பில் நாம் கண்கூடாகப் பார்க்கிற மாற்றம் மழை வருகிற விதம். அதையும் அதே போத்தல்களில் பார்க்கலாம், ஹீட்டர் கூடத் தேவையில்லை.

கொஞ்ச மண்ணை நிழலில் பரப்பி ஒரு கிழமை நன்றாக உலரவிடுங்கள், மற்றப் பாதியைப் பழைய ஈரத்திலேயே வைத்திருங்கள். பிறகு உலர்ந்ததற்குத் தண்ணீர் விட்டு அதே ஈரத்துக்குக் கொண்டுவந்து உடனே மூடி அளந்தால், இப்போதுதான் நனைந்த மண் எப்போதும் ஈரமாக இருந்த மண்ணைவிட முதல் நாளில் மிக வேகமாக மூச்சு விடுவதைக் காண்பீர்கள். கென்யாவில் வேலை செய்த ஹாரி பேர்ச் 1950களில் இதை விரிவாக எழுதியதால் பேர்ச் விளைவு என்றே பெயர். உலர்ந்தபோது செத்த நுண்ணங்கிகளின் உடல், பிழைத்தவை தண்ணீர் இழக்காமல் இருக்கச் சேர்த்து வைத்த சரக்கு, கட்டி உடைந்து வெளிப்பட்ட சருகு என்று எல்லாம் ஒரே நேரத்தில் விருந்தாகிவிடுகிறது. பெப்ரவரி வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழும்போது காலி முகத்திடல் தொடங்கி எல்லா இடத்திலும் எழும்புகிற மண்வாசனையிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு, ஸ்ட்ரெப்ரோமைசிஸ் வகைப் பற்றீரியா செய்கிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதில் முக்கியமானது. நீண்ட வறட்சி, அப்புறம் ஒரேயடியாகக் கொட்டுகிற மழை என்று மாறி மாறி வந்தால் இந்த விருந்து அடிக்கடி நடக்கும்.

வெள்ளத்துக்கு வேறு மாதிரி. ஒரு உயரமான கண்ணாடிப் போத்தலில் தாமரைத் தொட்டிச் சேற்றை முக்கால் பங்கு எடுத்து, கிழித்த கடுதாசி ஒரு பிடி, ஒரு முட்டை மஞ்சட்கரு சேர்த்துக் கலந்து, மேலே தண்ணீர் நிற்கவிட்டு, மூடியை இறுக்காமல் வைத்து யன்னலோரம் வெளிச்சத்தில் விடுங்கள். இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும். ஒட்சிசன் தீர்ந்ததும் கீழ்ப்பகுதி கறுக்கும், மாதக்கணக்கில் பச்சை, ஊதா என்று பட்டை பட்டையாகப் பிரியும். ஒவ்வொரு பட்டையிலும் வேறு வேறு வழியில் பிழைக்கிற கூட்டம். 1880களில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி கண்டுபிடித்த வித்தை, அழுகின முட்டை நாற்றம் மட்டும்தான் குறை. ஒட்சிசன் இல்லாத இந்தச் சேற்றில்தான் மெதேன் விடுகிறவை வாழ்கின்றன. அதே நேரம் ஒட்சிசன் இல்லாததால் சருகு முழுக்க உக்காமல் காபனாகச் சேர்ந்தும் இருக்கிறது, கொழும்பைச் சுற்றி இருக்கிற சதுப்பு நிலங்கள் இப்படிச் சேர்த்தவை. 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்ததும் அந்த நிலங்களால்தான். அதற்காக அங்கே போய்ச் சேறு தோண்டாதீர்கள், தாமரைத் தொட்டி போதும்.

போத்தலில் விற்கிற நல்ல நுண்ணங்கி

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே வருடம் நவம்பரில் திரும்பப் பெற்ற கூத்துக்குப் பிறகு, மண்ணுக்கு உயிர் கொடுக்கும் கரைசல் என்று ஏதாவது ஒரு போத்தல் இல்லாத தோட்டக்கார வீடு குறைவு. வேலை செய்கிறதா என்று பார்க்க நம் பரிசோதனை கச்சிதமாகப் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு. இந்தக் கரைசல்களில் பலவற்றில் சீனிப்பாகோ சர்க்கரையோ இருக்கும். சீனித்தண்ணீர் விட்டாலே மண்ணில் ஏற்கனவே இருக்கிற நுண்ணங்கிகள் துள்ளிக் குதித்து மூச்சு விடும், போத்தலுக்குள் இருந்தவை ஒன்றுமே செய்யாவிட்டாலும் கூட. ஆகவே கரைசலில் பாதியை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அதை மூன்று போத்தலுக்கு, கொதிக்காததை மூன்று போத்தலுக்கு, வெறும் தண்ணீரை மூன்று போத்தலுக்கு, எல்லாம் ஒரே அளவு. கொதித்ததும் கொதிக்காததும் ஒரே எண் தந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது சீனிப்பாகு. வீட்டில் செய்கிற மீன் கரைசலுக்கும் இதே விதி.

இந்த முறை எதற்கு உதவாது என்றால், எந்த இனம் இருக்கிறது, எது போய்விட்டது என்று சொல்ல. அதற்கு டீஎன்ஏதான் வழி, ஏனென்றால் மண் நுண்ணங்கிகளில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க முயன்றால் வளராது. நைதரசொட்சைட்டு எவ்வளவு போகிறது என்றும் சுண்ணாம்பு நீர் காட்டாது. யூரியா அதிகம் போட்டு மண்ணும் ஊறி நின்றால் அது வரும், நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. அளக்க முடியாவிட்டாலும் தவிர்க்கலாம்: அடை மழைக்கு முன் யூரியா போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லை என்பவர்கள் பழைய வெள்ளைப் பருத்தி பெனியன் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை மாமரத்துக்குக் கீழும் மற்றதைக் காய்ந்து கிடக்கிற மூலையிலும் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். குளிர்நாடுகளில் இரண்டு மாதம் விடச் சொல்வார்கள், நம் ஊரில் ஒரு மாதத்திலேயே எடுத்துப் பாருங்கள். எந்தத் துண்டு அதிகம் உக்கியிருக்கிறதோ அந்த இடத்தில்தான் நுண்ணங்கிகளின் வேலை அதிகம். நைலோன் நூலால் தைத்திருந்தால் துணி போய்த் தையல் மட்டும் வரும்.

முடிந்ததும் மண்ணை எடுத்த இடத்திலேயே போடுங்கள், வடிகட்டியில் நின்ற வெள்ளைப் படிவையும் சேர்த்துப் போடலாம், சிவப்பு மண்ணுக்கு அது கெடுதல் இல்லை. மிச்சச் சுண்ணாம்பு நீரை நிறையத் தண்ணீரோடு வடிகானில் ஊற்றிவிடுங்கள். கொப்பியில் திகதி, இடம், பேசின் இரண்டின் வெப்பம், கடைசியாக மழை பெய்த நாள், ஒவ்வொரு போத்தலின் எண், சராசரி மட்டும் இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒரு தடவை பெப்ரவரியிலும் ஒரு தடவை ஒக்டோபர் மழை பிடித்த பிறகும் அதே இடத்து மண்ணை எடுத்தால், ஹீட்டரே போடாமல் இன்னொரு ஒப்பீடு கையில் இருக்கும்.